ஒற்றைப்படை ஞாயிறு

கார் பக்கத்து வீட்டு உஜாங்குடையது.
எண் ஏழில் முடிகிறது.
விடுமுறை நாளில் மலைச்சாலைக்கு
ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை வண்டிதான்
என்று போலீஸ் சொல்லிவிட்டதால்
கல்யாணத்துக்கு நாள் குறிப்பதுபோல்
காலண்டரைச் சுற்றி உட்கார்ந்தோம்.

ஆறாம் தேதி ஞாயிறு. ஆகாது.
பதின்மூன்று ஆகும்.
ஆனால் பன்னிரண்டு இரவு
தர்ஸோனோவுக்கு மால் வாசலில் காவல்.
"வண்டியில் தூங்கிக்கொள்கிறேன்" என்றார்.
"யார் ஓட்டுவது?" என்றேன்.
அப்படித்தான் உஜாங் சேர்ந்துகொண்டான்,
அவனோடு மனைவி எந்தின்,
எந்தினோடு தங்கை,
தங்கையோடு ஒரு கிதார்.

மின்கட்டண ரசீதின் முதுகில் திட்டம்:
நாலரைக்குக் கிளம்புவது.
ஆறுக்குள் சுங்கச்சாலை முடிந்துவிட வேண்டும்.
மேலே போகும் வழியை அடைப்பதற்குள்
மேலே போய்விட வேண்டும்.
தேயிலைச் சரிவு. சுட்ட சோளம்.
கீழே வரும் வழி திறக்கிறபோது
கீழே வந்துவிட வேண்டும்.

லாராஸ், ஏழு வயது,
தன் பென்சிலால் அடியில் ஒன்று சேர்த்தாள்:
வாயிலிருந்து புகை.

அங்கே குளிரில் பேசினால்
பேச்சு கண்ணுக்குத் தெரியும் என்று
வகுப்பில் யாரோ சொன்னார்களாம்.
ஜகார்த்தாவில் கண்ணுக்குத் தெரிவது
பஸ்களின் பேச்சு மட்டும்தான்.

நாலரை, ஐந்தேகால் ஆனது.
முட்டை ஓடு உரிய மறுத்தது என்பது என் தரப்பு.
கிதாரைக் கிடத்த இடமில்லை என்பது உண்மை.
கடைசியில் அது தர்ஸோனோவின் மடியில் கிடந்தது.
அவர் தூக்கத்தில் அதை
வாசல் தடுப்புக் கட்டையைப் பிடிப்பதுபோலவே
பிடித்திருந்தார்.

சியாவிக்கு முன்னால் சிவப்பு விளக்குகள்
பின்பக்கம் காட்டி நின்றன.
ஊரே எங்கள் ரசீதைப் படித்திருக்கிறது.
ஒரு முழம் நகர்வோம், ஒரு பாட்டு முடியும்.
ஏழரைக்கு ரேடியோ சொன்னது:
மேலே மண் சரிவு. வழி அடைப்பு.

நாற்பத்தைந்தாம் கிலோமீட்டர் இளைப்பாறும் இடம்.
அங்கே ஒதுங்கினோம்,
எங்களைப்போலவே நாள் பார்த்து வந்த
முந்நூறு ஒற்றைப்படைகளோடு.
இரண்டு பஸ்களுக்கு நடுவே பாயை விரித்து
வாழையிலைச் சோற்றைப் பிரித்தேன்.
வறுத்த தெம்பே இன்னும் சூடாகவே இருந்தது;
அவ்வளவு கிட்டத்தில் இருந்தோம்
வீட்டிலிருந்து.

தர்ஸோனோ விழித்தார்.
"வந்துவிட்டோமா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
வெளியேறும் வாயிலில் ஒரு போலீஸ்காரர்
வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.
இவர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே
வெகுநேரம் அவரைப் பார்த்தார்.
"விசில் நல்ல விசில்,
கையைத்தான் கொஞ்சம் உயர்த்திக் காட்டலாம்."

லாராஸைக் காணோம்.

கடைக்குள் இருந்தாள்,
ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டு,
தலையை உள்ளே நீட்டி,
மீன் துண்டங்களிடமும் குச்சி ஐஸ்களிடமும்
பேசிக்கொண்டு.
தன் பெயரைச் சொன்னாள், வெள்ளையாக வந்தது.
என் பெயரைச் சொன்னாள்.
பின்னால் மூன்று பிள்ளைகள் வரிசையில்.
அவர்களுக்குப் பின்னால்,
வெட்கமேயில்லாமல், எந்தினின் தங்கை.

"மூடுங்கள், உருகிவிடும்" என்றான் கடைப் பையன்.
இரண்டு குச்சி ஐஸ் வாங்கி அவனைச் சமாதானப்படுத்தினேன்.
என் முறை வந்தபோது
என்ன பேசுவதென்று தெரியாமல்
பக்கத்து வீட்டுக் காரின் எண்ணைச் சொன்னேன்.

திரும்பும் வழி காலியாகக் கிடந்தது.
ஐம்பது நிமிடம்.
உஜாங் சாவியை விரலில் சுழற்றியபடி
"இருபத்தேழும் ஒற்றைப்படைதான்" என்றான்.
ரசீதைத் தேடினேன்.
சோற்றுக் கையைத் துடைத்து
எங்கேயோ எறிந்திருக்கிறோம்.
மின்கட்டணம் இன்னும் கட்டவில்லை.